தவணை முறையில் வந்த சுபீட்சம்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய உரையில் 1920களின் அமெரிக்க நாவல்கள் சிலவற்றை அவற்றின் சமூகப் பொருளாதாரப் பின்னணியில் வைத்துப் பார்க்கவிருக்கிறோம். அந்தப் பத்தாண்டு என்றதும் நம்மிற் பலருக்கு நினைவு வருவன திரைப்படங்களிற் கண்ட காட்சிகள்தாம். ஜாஸ் இசை, கூந்தலைக் கட்டையாக வெட்டிக்கொண்டு நடனமாடும் இளம் பெண்கள், விடிய விடிய நடக்கும் விருந்துகள், மதுவிலக்குச் சட்டத்துக்கு மறைவாகப் பரிமாறப்படும் மது. 'ஜாஸ் யுகம்' என்று அக்காலத்துக்கு ஒரு பெயரும் உண்டு. அப்பெயரைப் பரவச் செய்தவர் ஸ்கொட் ஃபிட்ஸ்ஜெரல்ட் என்னும் எழுத்தாளர். 1922 இல் வெளியான தமது சிறுகதைத் தொகுதியொன்றின் தலைப்பில் அவர் அதனை இட்டார்.

ஆனால் அக்காலத்து முக்கிய நாவல்களை இன்று எடுத்துப் படிக்கும்போது விருந்தின் ஆரவாரம் அத்துணை உரத்துக் கேட்பதில்லை. இந்தச் சுபீட்சத்துக்கு விலை என்ன, அதனைக் கொடுப்பவர் யார் என்ற கேள்வியே உரத்துக் கேட்கிறது. 1929 இன் வீழ்ச்சிக்குப் பின்னர் அக்கேள்வியை எல்லோரும் கேட்டனர். வீழ்ச்சிக்கு முன்னரே, செழிப்பின் நடுவில் இருந்துகொண்டே, அதனைக் கேட்டவர்கள் எழுத்தாளர்கள் என்பதுதான் இன்று நான் வற்புறுத்த விரும்பும் செய்தி.

முதலிற் பின்னணியைச் சற்றுப் பார்ப்போம்.

1918 நவம்பரில் முதலாம் உலகப் போர் முடிந்தது. போருக்கு முன் ஐரோப்பாவுக்குக் கடன்பட்டிருந்த அமெரிக்கா, போரின் முடிவில் ஐரோப்பாவுக்குக் கடன் கொடுத்த நாடாகி நின்றது. 1920 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீடு இன்னொரு திருப்பத்தைக் காட்டிற்று. அமெரிக்க வரலாற்றில் முதன்முறையாக, கிராமங்களில் வாழ்ந்தோரைவிட நகரங்களில் வாழ்ந்தோரின் தொகை கூடியிருந்தது. அதே ஆண்டு ஜனவரியில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. ஓகஸ்டில் பெண்களின் வாக்குரிமை அரசியலமைப்பில் இடம்பெற்றது. நவம்பரில் பிற்ஸ்பேர்க் நகரின் வானொலி நிலையமொன்று ஜனாதிபதித் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பியது. நாம் இப்போது பேசிக்கொண்டிருக்கும் இந்தச் சாதனமும் அந்தப் பத்தாண்டின் பிள்ளைதான். 1925 டிசெம்பரில் கொழும்பிலும் ஒலிபரப்பு ஆரம்பமாகிவிட்டது.

எனினும் அமெரிக்கரின் அன்றாட வாழ்வை அடியோடு மாற்றியது மோட்டார் கார் எனலாம். ஹென்றி ஃபோர்ட் 1908 இல் தமது 'மொடல் ரி' காரை அறிமுகஞ் செய்தபோது அதன் விலை 850 டொலர். 1913 இல் ஓடும் பட்டியில் வைத்துப் பொருத்தும் முறை அவருடைய தொழிற்சாலைக்கு வந்தது. ஒரு காரின் அடித்தளத்தைப் பொருத்த முன்னர் பன்னிரண்டரை மணித்தியாலம் சென்றது. இப்போது ஒன்றரை மணித்தியாலம் போதுமாயிற்று. 1920களின் நடுவில் விலை 300 டொலருக்கும் கீழே இறங்கியது. 1920 இல் அமெரிக்க வீதிகளில் ஓடிய கார்கள் சுமார் 80 இலட்சம். 1929 இல் அவை 2 கோடி 30 இலட்சம். காரைத் தொடர்ந்து வீதிகள் வந்தன. வீதிகளைத் தொடர்ந்து எரிபொருள் நிலையங்களும், புறநகர் வீடுகளும், காணித் தரகர்களும் வந்தனர்.

இவ்வளவு பொருளும் உற்பத்தியானால் யாராவது வாங்கத்தானே வேண்டும்? இங்கேதான் ஒரு பழைய அறம் புரட்டிப் போடப்பட்டது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் காலந் தொட்டு அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ஓதப்பட்டு வந்த பாடம் சிக்கனம். கடன் படாதே, சதம் சதமாகச் சேர், பிறகு வாங்கு என்பதே அந்தப் பாடம். 1919 இல் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் தனது கார்களைக் கடனில் விற்பதற்கென்றே ஒரு நிதிக் கம்பனியைத் தொடக்கியது. ஃபோர்ட் தவணை விற்பனையை விரும்பாதவர். 1923 இல், வாராவாரம் பணம் சேர்த்து முடிந்ததும் காரை எடுத்துச் செல்லும் திட்டமொன்றை அவர் கொண்டுவந்தார். மக்களுக்குக் காத்திருக்கப் பொறுமை இருக்கவில்லை. ஈற்றில் 1928 இல் அவரும் கடன் கம்பனி அமைத்தார். கார், வானொலிப் பெட்டி, சலவை இயந்திரம், பியானோ எல்லாமே மாதத் தவணையில் வந்து சேர்ந்தன. நாளைய சம்பளத்தை ஈடு வைத்து இன்றைய பொருளை வாங்குவது வெட்கத்துக்குரிய காரியமாக இல்லாமற் போயிற்று.

விருப்பத்தைத் தூண்டுவதற்கு விளம்பரம் வந்தது. கிருமிநாசினியாக விற்கப்பட்டுவந்த 'லிஸ்டரின்' திரவம், வாய்நாற்றம் பற்றிய அச்சத்தை மூட்டிய விளம்பரங்களால் வீட்டுக்கு வீடு சென்றது. விளம்பரத் துறையைச் சேர்ந்த புரூஸ் பார்ட்டன் என்பவர் 1925 இல் எழுதிய நூலொன்றில், இயேசுநாதரை நவீன வர்த்தகத்தின் முன்னோடியாகவே சித்திரித்தார். அந்நூல் அமோகமாக விற்பனையாயிற்று. வர்த்தகமே அமெரிக்க மக்களின் தலையாய அலுவல் என்ற கருத்தை ஜனாதிபதி கூலிட்ஜும் அதே ஆண்டில் வெளியிட்டார். கோயிலும் ஆட்சியும் சந்தையும் ஒரே மொழியிற் பேசிய காலம் அது.

அந்தக் கார்களின் ரயர்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் நாம் இங்கு மறந்துவிடலாகாது. உலகின் இறப்பரில் மிகப் பெரும் பகுதியை அமெரிக்காவே வாங்கிற்று. அந்த இறப்பர் மலாயாவிலும் இலங்கையிலும் டச்சு இந்தியத் தீவுகளிலும் வடிக்கப்பட்டது. 1922 இல் பிரித்தானியர் கொண்டுவந்த ஸ்டீவன்சன் திட்டம் மலாயா, இலங்கை ஆகிய நாடுகளின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. 1925 இல் ஓர் இறாத்தல் இறப்பரின் விலை 1 டொலரையும் தாண்டியபோது, அமெரிக்காவின் அன்றைய வர்த்தகச் செயலாளர் ஹெர்பர்ட் ஹூவர் அத்திட்டத்தை எதிர்த்துக் கடும் பிரசாரம் செய்தார். டெட்ரொயிட் நகரின் செழிப்பும் இறப்பர் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளியின் வயிறும் ஒரே கயிற்றாற் கட்டப்பட்டிருந்தன. அக்கயிறு அறுந்தபோது என்ன நேர்ந்தது என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

இனி நூல்களுக்கு வருவோம். முதலிற் குறிப்பிட வேண்டியது ஒரு நாவலன்று, ஒரு சமூகவியல் ஆய்வு. ரொபர்ட் லிண்ட், ஹெலென் லிண்ட் என்னும் தம்பதியர் 1924 இல் இண்டியானா மாநிலத்தின் மன்சி என்னும் சிறு நகருக்குச் சென்று, அங்கு தங்கி, மக்கள் எப்படி உழைக்கிறார்கள், எப்படிப் பிள்ளை வளர்க்கிறார்கள், ஓய்வை எப்படிக் கழிக்கிறார்கள், எப்படி வழிபடுகிறார்கள் என்பவற்றையெல்லாம் குறித்துக்கொண்டனர். 1890 இல் இருந்த நிலையுடன் அவற்றை ஒப்பிட்டனர். ஊரின் பெயரை மறைத்து 'மிடில்டவுன்' என்ற தலைப்பில் 1929 இல் நூலாக வெளியிட்டனர். நாவலைப் போலவே வாசிக்கக்கூடிய ஆய்வு அது.

அதில் ஒரு விபரம் வருகிறது. நகரின் வறிய பகுதியிற் கார் வைத்திருந்த 26 குடும்பங்களை விசாரித்தபோது, 21 வீடுகளிற் குளியற்றொட்டி இருக்கவில்லை. ஒன்பது பிள்ளைகளின் தாயொருத்தி, உடுப்பு இல்லாமல் இருந்தாலும் இருப்போம், காரை மட்டும் விடமாட்டோம் என்ற பொருள்படச் சொல்கிறாள். இதனைக் கேட்டுச் சிரிப்பது எளிது. ஆனால் அவளுடைய நிலையில் நின்று பாருங்கள். கணவன் நாள் முழுவதும் இயந்திரத்தின் முன் நின்று ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிறான். அந்த உழைப்பிற் பெருமைப்பட அவனுக்கு எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு காரில் ஏறி ஊரைத் தாண்டிப் போகும் இரண்டு மணித்தியாலம் மட்டுமே அவர்களுக்கு உரியது. வேலையிற் கிடைக்காத நிறைவை வாங்கும் பொருளிலே தேடினார்கள் என்பதே லிண்ட் தம்பதியர் கண்ட முக்கிய மாற்றம்.

தொழிலாளியின் கதை இதுவென்றால் நடுத்தர வர்க்கத்தவரின் கதையைச் சொன்னவர் சின்க்ளெயர் லூயிஸ். 1920 இல் வெளியான 'மெயின் ஸ்ட்ரீட்' நாவலில், நூலகத்திற் பணிபுரிந்த கரோல் என்னும் பெண் வைத்தியர் ஒருவரை மணந்து கோஃபர் பிரெய்ரி என்ற சிற்றூருக்கு வருகிறாள். அவ்வூரைத் திருத்தியமைக்க முயல்கிறாள். ஊர் அவளைத் திருத்தப் பார்க்கிறது. வீட்டை விட்டு வோஷிங்டன் சென்று உத்தியோகம் பார்த்துவிட்டு, ஈற்றில் அதே ஊருக்குத் திரும்பி வருகிறாள். பெண்ணுக்கு வாக்குரிமை கிடைத்த ஆண்டில் வெளியான இந்நாவல், வாக்குச் சீட்டு மட்டும் ஒரு பெண்ணின் வாழ்வை மாற்றிவிடாது என்பதை அன்றே சொல்லிற்று.

1922 இல் வந்த 'பபிட்' இதனிலும் கூர்மையானது. ஜோர்ஜ் பபிட்டுக்கு 46 வயது. ஸெனித் என்ற கற்பனை நகரிற் காணி, வீடு விற்கும் தரகர். நாவல் அவர் துயில் எழும் காட்சியுடன் ஆரம்பமாகிறது. அவரை எழுப்புவது விளம்பரங்களிற் புகழப்பட்ட உயர்ரக மணிக்கூடு. அதன் ஒலிகேட்டு எழுவதே ஒரு கௌரவம் என்று அவர் கருதுகிறார். குளியலறை, படுக்கையறை, மின்விளக்கு யாவும் அயல் வீடுகளில் உள்ளவை போலவே அமைந்திருக்கின்றன. புகைப்பதை விட்டுவிட வேண்டும் என்று அடிக்கடி தீர்மானிக்கும் அவரே காரிற் பொருத்துவதற்குச் சுருட்டுப் பற்றவைக்கும் மின்கருவியொன்றை வாங்குகிறார். லூயிஸ் இவற்றையெல்லாம் ஒரு கணக்கப்பிள்ளையின் பொறுமையோடு பட்டியலிடுகிறார். வாசித்துக்கொண்டு போகும்போது, இந்த மனிதர் பொருள்களை வைத்திருக்கிறாரா அல்லது பொருள்கள் இவரை வைத்திருக்கின்றனவா என்ற ஐயம் நமக்கு எழுகிறது.

பபிட் கெட்டவரல்லர். அதுதான் நாவலின் பலம். அவருடைய நெருங்கிய நண்பர் போல் ரீஸ்லிங் தன் மனைவியைச் சுட்டுக் காயப்படுத்திவிட்டுச் சிறை செல்கிறார். அந்த அதிர்ச்சியில் பபிட் தமது வாழ்வைத் திரும்பிப் பார்க்கிறார். இன்னொரு பெண்ணுடன் பழகுகிறார். வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளருக்கு அநுதாபமாக இரண்டு வார்த்தை பேசுகிறார். உடனே நண்பர்கள் விலகுகிறார்கள். வியாபாரம் கை நழுவுகிறது. ஊர்ப் பிரமுகர்களின் சங்கத்திற் சேருமாறு வற்புறுத்தப்படுகிறார். மனைவி நோயில் விழுந்ததும் அதனைச் சாட்டாக வைத்து அவர் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறார். கடைசிக் காட்சியிலே, யாருக்கும் சொல்லாமல் மணம் முடித்துக்கொண்டு, படிப்பை விட்டுத் தொழிற்சாலைக்குப் போக விரும்பும் மகனை ஊரே கண்டிக்க, பபிட் மட்டும் தனியே அழைத்து ஆசீர்வதிக்கிறார். தாம் விரும்பிய ஒன்றைத்தானும் வாழ்நாளிற் செய்ததில்லை என்று மகனிடம் ஒப்புக்கொள்கிறார். எல்லாவற்றையும் வாங்கியவரின் வாக்குமூலம் அது. 'பபிட்' என்ற பெயர் ஆங்கில அகராதியில் ஒரு பொதுச் சொல்லாகவே ஏறிவிட்டது. 1930 இல் லூயிஸ் இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். அதனைப் பெற்ற முதலாவது அமெரிக்கர் அவரே.

லூயிஸ் வெளியில் நின்று கிண்டல் செய்தவர் என்றால், ஃபிட்ஸ்ஜெரல்ட் உள்ளே நின்று எழுதியவர். 1925 ஏப்ரிலில் வெளியான அவருடைய 'த கிரேட் கெட்ஸ்பி' நாவலின் கதை 1922 ஆம் ஆண்டுக் கோடையில் நியூ யோர்க்கை அடுத்த லோங் ஐலண்டில் நடக்கிறது. வறிய விவசாயக் குடும்பத்திற் பிறந்த ஒருவன் பெயரை மாற்றி, கள்ள மது வியாபாரத்திற் செல்வஞ் சேர்த்து, தான் இழந்த காதலியைத் திரும்பப் பெறுவதற்காக மாளிகை கட்டி விருந்து வைக்கிறான். அவள் பரம்பரைச் செல்வர் ஒருவரின் மனைவி. முடிவில் கெட்ஸ்பி கொல்லப்படுகிறான். அவனுடைய விருந்தில் உண்டு களித்த நூற்றுக்கணக்கானோருள் அவன் சாவீட்டுக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இந்நாவலில் இரண்டு இடங்களை நேயர்கள் கவனிக்க வேண்டும். ஒன்று, மாளிகைகளுக்கும் நியூ யோர்க் நகருக்கும் இடையிலே வரும் சாம்பல் வெளி. நகரின் அடுப்புகளும் கொதிகலன்களும் கழித்த சாம்பல் மலைமலையாகக் குவிந்து கிடக்க, அதன் நடுவில் வில்சன் என்னும் ஏழை ஒரு கராஜ் நடத்துகிறான். அவனுக்கு மேலே, கைவிடப்பட்ட விளம்பரப் பலகையொன்றில் இரு பெரிய கண்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. இவ்விடம் முழுக் கற்பனையன்று. குவீன்ஸ் பகுதியில் இருந்த கொரோனா சாம்பல் மேடே அதற்கு மாதிரி. செல்வர்கள் நகருக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அதனைக் கடந்தே போக வேண்டும். கடந்து போகிறார்கள், ஆனால் தங்கிப் பார்ப்பதில்லை. கதையின் முடிவில் உயிரை விடும் மூவருள் இருவர் வில்சனும் அவன் மனைவியும். பரம்பரைச் செல்வர்கள் இருவரும் ஊரை விட்டு நீங்கிவிடுகிறார்கள்.

மற்றது, கெட்ஸ்பி இறந்த பின் அவனுடைய தந்தை எடுத்துக்காட்டும் ஒரு பழைய புத்தகம். அதன் பின்பக்கத்தில் சிறுவனாக இருந்தபோது அவன் எழுதிய தினசரி ஒழுங்கு இருக்கிறது. எத்தனை மணிக்கு எழுவது, என்ன படிப்பது, வாரந்தோறும் எவ்வளவு சேமிப்பது என்றெல்லாம் குறித்திருக்கிறான். ஃபிராங்க்ளின் கற்பித்த அதே சிக்கனமும் உழைப்பும். தந்தை அதனைப் பெருமையோடு காட்டுகிறார். அந்தப் பாடத்தைப் பழுதில்லாமற் படித்த பிள்ளை எப்படிச் சட்டவிரோத வியாபாரியானான் என்பது அந்த முதியவருக்குத் தெரியாது. பழைய அறம் இருந்த இடத்தில் புதிய ஆசை வந்து குடியேறிய கதையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லவில்லை.

இந்நாவல் வெளியானபோது எதிர்பார்த்த விற்பனை இல்லை. 1940 இல் ஃபிட்ஸ்ஜெரல்ட் தமது 44 ஆவது வயதில் இறந்தபோது அதன் பிரதிகள் விலைபோகாமற் கிடந்தன. இரண்டாம் உலகப் போரின்போது படைவீரருக்கு இலவசமாக வழங்கப்பட்ட நூல்களுள் இதுவும் ஒன்றாயிற்று. அதன் பின்னரே இன்றைய புகழ் அதனை வந்தடைந்தது.

கெட்ஸ்பி வெளியான அதே 1925 இல் தியடோர் டிரைசரின் 'ஓர் அமெரிக்கத் துயரம்' என்னும் பெரு நாவலும் வந்தது. தெருவோரப் போதகரின் மகனான கிளைட், விடுதிப் பணியாளனாகச் சேர்ந்து செல்வரின் வாழ்வை அருகில் நின்று பார்க்கிறான். பின்னர் தன் தந்தையின் சகோதரரின் கழுத்துப்பட்டித் தொழிற்சாலையிற் சேர்கிறான். அங்கு வேலைசெய்யும் ஏழைப் பெண்ணொருத்தி அவனாற் கருவுறுகிறாள். செல்வந்தப் பெண்ணொருத்தி அவனை விரும்புவதாகத் தோன்றுகிறது. ஏழைப் பெண் ஏரியில் மூழ்கி இறக்க, அவன் மரண தண்டனை பெறுகிறான். 1906 இல் உண்மையாக நடந்த ஒரு கொலையை டிரைசர் ஆதாரமாகக் கொண்டார். குற்றவாளி கிளைட் மட்டுமா, அவனுக்கு ஆசையைக் காட்டி வழியைக் காட்டாத சமுதாயமும் குற்றவாளியா என்பதே அவருடைய கேள்வி.

இதுவரை பேசியது செழிப்பின் வாசலிலாவது நின்றவர்களைப் பற்றி. அந்த வாசலுக்கே வராதவர்களும் இருந்தனர். போர்க்காலத்தில் ஒரு புசல் கோதுமை 2 டொலருக்கு மேல் விற்றது. 1921 இல் அது சுமார் 1 டொலராக வீழ்ந்தது. கடன்பட்டுக் காணி வாங்கிய விவசாயிகள் நொடித்தனர். அவர்களோடு கிராமப்புறத்துச் சிறு வங்கிகளும் நொடித்தன. அப்பத்தாண்டில் மூடப்பட்ட வங்கிகள் 5,000 க்கு மேல். 1930 இலும் விவசாயிகளின் வீடுகளிற் பத்தில் ஒன்றுக்கே மின்சாரம் இருந்தது. நகரத்தில் திறைசேரிச் செயலாளர் அண்ட்ரூ மெலன், மிகப் பெரிய செல்வர்களின் வருமான வரியை 73 வீதத்திலிருந்து 25 வீதமாகக் குறைத்தார். தொழிற்சங்கங்களின் அங்கத்தவர் தொகையோ 50 இலட்சத்திலிருந்து சுமார் 35 இலட்சமாகத் தேய்ந்தது.

கறுப்பின மக்களின் நிலை தனியே பேசவேண்டியது. தெற்கின் பருத்திக் காடுகளையும் இனக்கொடுமையையும் விட்டு, 1910 க்கும் 1930 க்கும் இடையில் 15 இலட்சம் பேரளவில் வடக்கு நகரங்களுக்கு வந்தனர். நியூ யோர்க்கின் ஹார்லெம் பகுதி அவர்களுடைய கலை, இலக்கியத் தலைநகராயிற்று. ஜீன் டூமரின் 'கேன்' 1923 இலும், அலெய்ன் லொக் தொகுத்த 'த நியூ நீக்ரோ' 1925 இலும், லாங்ஸ்டன் ஹியூஸின் முதற் கவிதைத் தொகுதி 1926 இலும் வெளியாயின. வெள்ளையர் இரவில் ஹார்லெமுக்கு இசை கேட்க வந்தனர். அங்கிருந்த புகழ்பெற்ற கொட்டன் கிளப்பில் மேடையில் நின்றவர்கள் கறுப்பினக் கலைஞர்கள், வாடிக்கையாளராக அனுமதிக்கப்பட்டவர்களோ வெள்ளையர். இந்த மறுமலர்ச்சி பற்றிச் சாதாரண கறுப்பின மக்கள் கேள்விப்பட்டதுமில்லை, அதனால் அவர்களுடைய கூலி ஏறியதுமில்லை என்ற கருத்தை ஹியூஸ் தமது சுயசரிதையிற் பின்னர் பதிவு செய்தார். இலக்கிய இயக்கமொன்றின் முன்னணியில் நின்ற ஒருவரே இவ்வாறு சொல்வதற்கு நேர்மை வேண்டும்.

குடியேறியவர்களுக்கும் கதவு மூடப்பட்டது. முதலாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவத்திற் சேவையாற்றிய பகத் சிங் திண்ட் என்னும் பஞ்சாபியர் குடியுரிமை கோரியபோது, அவர் சட்டத்தின்படி வெள்ளையரல்லர் என்று 1923 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1924 இன் குடிவரவுச் சட்டம் ஆசியரை அநேகமாக முற்றாகவே தடுத்தது. தென், கிழக்கு ஐரோப்பியரின் வரவையும் அது வெகுவாகக் குறைத்தது. கெட்ஸ்பி நாவலின் பரம்பரைச் செல்வர் டொம் புக்கானன், வெள்ளை இனத்துக்கு ஆபத்து வந்துவிட்டதென்று நூலொன்றைக் காட்டிப் புலம்பும் காட்சியை இந்தப் பின்னணியில் வாசிக்க வேண்டும்.

இனி ஒரு விடயத்தை மறைக்காமற் சொல்ல வேண்டும். இந்த எழுத்தாளர்களும் செழிப்பின் பிள்ளைகளே. லூயிஸின் நாவல்கள் இலட்சக்கணக்கில் விற்பனையாயின. 1929 இல் ஃபிட்ஸ்ஜெரல்டின் ஒரு சிறுகதைக்கு 'சற்றர்டே ஈவினிங் போஸ்ட்' சஞ்சிகை 4,000 டொலர் கொடுத்தது. தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவர் இரண்டு வருடம் உழைத்தாலும் காணாத தொகை அது. அப்பணம் அச்சஞ்சிகைக்கு எங்கிருந்து வந்தது? கார் விளம்பரங்களிலிருந்தும் சவர்க்கார விளம்பரங்களிலிருந்தும் வந்தது. அவ்வளவு பெற்றும், எழுதாத கதைகளுக்கு முன்பணம் வாங்கிக் கடனாளியாகவே ஃபிட்ஸ்ஜெரல்ட் வாழ்ந்தார். பபிட்டைப் போலவே, மன்சி நகரத் தாயைப் போலவே, அவரும் நாளையை ஈடு வைத்தவர். ஆகவேதான் அவருடைய விமர்சனத்திற் பழிப்பு குறைவாகவும் வேதனை கூடுதலாகவும் இருக்கிறது.

வறுமை ஒழிப்பின் இறுதி வெற்றியை அமெரிக்கா நெருங்கிவிட்டது என்று 1928 இல் ஜனாதிபதி வேட்பாளர் ஹூவர் அறிவித்தார். அடுத்த ஆண்டு செப்டெம்பர் 3 ஆம் திகதி நியூ யோர்க் பங்குகளின் டவ் ஜோன்ஸ் சுட்டெண் 381 ஐத் தொட்டது. ஒக்டோபர் 29 இல் மட்டும் 1 கோடி 60 இலட்சத்துக்கு மேற்பட்ட பங்குகள் கைமாறின. 1932 யூலையில் அதே சுட்டெண் 41. பங்குகளையும் பலர் தவணைக்குச் சமமான முறையிலேயே, சிறு முற்பணம் கட்டி மிகுதியைக் கடனாகப் பெற்று வாங்கியிருந்தனர். பின்னர் 1934 இல் வெளியான ஆய்வொன்று, செழிப்பின் உச்ச ஆண்டான 1929 இலேயே அமெரிக்கக் குடும்பங்களிற் சுமார் 60 வீதமானவை வருடத்துக்கு 2,000 டொலருக்குக் குறைந்த வருமானமே பெற்றன என்று காட்டிற்று. அடிப்படைத் தேவைகளுக்கு மட்டுமே போதுமான தொகை அது. பொருள் மலைபோற் குவிந்தது, வாங்குவோர் கையிற் பணம் இல்லை.

முன்னர் சொன்ன கயிறும் அறுந்தது. 1932 இல் இறப்பரின் விலை இறாத்தலுக்கு 4 அமெரிக்க சதத்துக்கும் கீழே போயிற்று. இலங்கையில் இறப்பர் வடிப்பு பல தோட்டங்களில் நின்றது. ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர் வேலையிழந்து தென்னிந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். ஜாஸ் இசையைக் கேட்டறியாத, காரில் ஏறியறியாத அவர்களும் அந்த விருந்தின் கணக்கில் ஒரு பங்கைச் செலுத்தினார்கள்.

வீழ்ச்சிக்குப் பின் வந்தவற்றுள் இரண்டை மட்டும் குறிப்பிடுகிறேன். 1931 இல் வெளியான ஃபிட்ஸ்ஜெரல்டின் 'பபிலோன் ரீவிசிற்றட்' என்ற சிறுகதையிலே, செழிப்புக் காலத்தில் பாரிஸிற் கூத்தடித்த ஒருவன், திருந்திய மனிதனாகத் தன் சிறு மகளைத் திரும்பப் பெற வருகிறான். பெற முடியவில்லை. பங்குச் சந்தை வீழ்ச்சியில் நிறைய இழந்துவிட்டீர்களாமே என்று மதுக்கடைப் பணியாளர் அநுதாபத்துடன் கேட்கிறார். தனக்கு வேண்டியவற்றையெல்லாம் வீழ்ச்சிக்கு முன்பே, அந்தச் செழிப்பிலேயே இழந்துவிட்டதாக அவன் உணர்கிறான். மற்றது ஜோன் டொஸ் பஸொஸ் 1936 இல் எழுதிய 'த பிக் மணி'. அதன் இறுதியில் பசித்த இளைஞன் ஒருவன் நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று, போகும் கார்களை மறிக்கக் கை காட்டுகிறான். ஒன்றும் நிற்கவில்லை. தலைக்கு மேலே பறக்கும் விமானத்தில் வசதியான பயணியொருவர் உண்ட உணவு ஒத்துக்கொள்ளாமல் வாந்தியெடுக்கிறார். விளம்பரங்கள் தனக்கு வாக்களித்த வாழ்வை எண்ணிக்கொண்டு இளைஞன் காத்து நிற்கிறான்.

பொருளியல் நூல்கள் அந்தப் பத்தாண்டின் உற்பத்தியையும் விலையையும் நமக்குச் சொல்கின்றன. அவை வேண்டும். ஆனால் ஒரு மனிதன் எல்லாவற்றையும் பெற்ற பின்பும் ஏன் மகனிடம் அவ்வாறு ஒப்புக்கொள்கிறான் என்பதை அறிய நாவலைத்தான் நாட வேண்டியிருக்கிறது. இலகு தவணையும், கவர்ச்சி விளம்பரமும், நாளைய சம்பளத்தில் இன்று வாழும் பழக்கமும் நம் வீடுகளுக்கும் வந்துவிட்டன. ஆகவே இந்நூல்கள் தூரத்து நாடொன்றின் பழங்கதையாக நமக்குத் தோன்ற வேண்டியதில்லை. வாய்ப்புள்ள நேயர்கள் 'பபிட்', 'கெட்ஸ்பி' ஆகிய இரண்டையுமாவது அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். முதலாவது நம்மைச் சிரிக்க வைக்கும். இரண்டாவதைப் படித்து முடித்ததும், அந்தச் சிரிப்பு யாரைப் பார்த்துச் சிரித்தது என்று சற்று யோசிக்க வைக்கும்.